கோத்தகிரி எலக்ட்ரானிக் பேண்ட்: மேடையில் நாலு வருஷம், பக்கத்தில் இருந்து பார்த்தது

#1 · ஃபேடர்கை (குன்னூர்)

வணக்கம். கோத்தகிரியில மூணு பேர் சேர்ந்து எலக்ட்ரானிக் இசை பண்றது இங்க பல பேருக்குத் தெரியும். அண்ணன் டிரம் பேட், தங்கச்சி சின்த் (சின்தசைசர்), அவங்க காலேஜ் நண்பன் லேப்டாப்பும் பாட்டும். அவங்க பதிவுகளைப் பத்தி ஏற்கனவே நிறையப் பேசியாச்சு. நான் எழுத வந்தது மேடையைப் பத்தி. நாலு வருஷமா அவங்களுக்கு மிக்சர்ல உக்கார்றவன் நான்தான். ரூமுக்குள்ள அருமையா இசை பண்ற மூணு பேர், ஆளுங்க முன்னாடி வாசிக்கத் தெரிஞ்சவங்களா ஆனதைக் கூடவே இருந்து பார்த்திருக்கேன். எழுதி வெக்கணும்னு ரொம்ப நாளா மனசுல கிடந்தது.

முதல் மேடை கோவையில ஒரு காலேஜ் விழா. மொத்த நாப்பது நிமிஷமும் ஒரே ஃபைல்ல இருந்துச்சு. ஸ்பேஸ் பாரைத் தட்டினா ஆரம்பிக்கும், கடைசிப் பாட்டு வரைக்கும் தானா ஓடும். அண்ணன் பேட்ல தட்டினது பாதி நேரம் ஏற்கனவே ஓடிட்டிருந்த டிரம்முக்கு மேலதான். மூணு பேரும் குனிஞ்ச தலை நிமிரல. சவுண்ட் சுத்தமா இருந்துச்சு, அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது. மூணாவது பாட்டுல முன்வரிசை உக்காந்துடுச்சு. மிக்சர் பக்கத்துல நின்ன ஒரு பையன் கேட்டான்: "அண்ணா, இவங்க பாட்டு போடுறாங்களா, வாசிக்கிறாங்களா?" எனக்குப் பதில் சொல்ல வரல.

திரும்பி வரும்போது மேட்டுப்பாளையம் தாண்டி வளைவு ஏற ஆரம்பிச்ச பிறகும் வண்டியில யாரும் பேசல. பர்லியார்ல டீ குடிக்க நிறுத்தினோம். அந்தப் பொண்ணு டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டே சொன்னா: "அண்ணா, வீட்டுக்குப் போனதும் அந்த ஃபைலை அழிச்சுடறேன்." அழிச்சுட்டா. மறுபடி எடுக்க நகலும் வெக்கல.

அடுத்த எட்டு மாசம் மேடையே ஏறல. ஒவ்வொரு பாட்டையும் துண்டு துண்டா வெட்டி, எட்டு தடமாப் பிரிச்சு, எட்டு ஃபேடர்ல (மிக்சர்ல சத்தத்தை ஏத்தி இறக்குற நகர்த்துப் பிடி) போட்டாங்க. எந்தத் துண்டு எப்ப வரும்னு முன்கூட்டி எழுதி வெக்கல. அதை மேடையில முடிவு பண்ணணும். இன்னிக்கு அவங்க வாசிக்கிறதுக்கு அடிப்படை அந்த எட்டு மாசம்தான்னு நான் நம்புறேன். மத்ததை ஒவ்வொண்ணா எழுதறேன். கூட இருந்தவங்க இங்க இருந்தா நீங்களும் சொல்லுங்க.

#2 · நாலாம்சேனல் (கோவை)

நான் அந்த காலேஜ் விழாவுல இருந்தேன். நீங்க சொன்னது அப்படியே உண்மை. ஆனா ஒண்ணு கேக்கணும். ஃபைலை வெட்டி எட்டாப் போட்டா மட்டும் அது வாசிப்பு ஆயிடுமா? துண்டு எல்லாமே ஏற்கனவே செஞ்சு வெச்சதுதானே. நான் கிட்டார் வாசிக்கிறவன். தந்தியில விரல் வழுக்கினா அந்த நிமிஷமே எல்லாருக்கும் கேக்கும். ஃபேடர்ல எது வழுக்கும்?

#3 · ஃபேடர்கை (குன்னூர்)

நியாயமான கேள்வி. ஆனா இது புதுசு இல்ல. 80கள் தொடக்கத்துல டெப்பெஷ் மோட்ங்கிற இங்கிலாந்து பேண்ட் மேடையில டிரம்மர் நின்னிருக்க வேண்டிய இடத்துல ஒரு டேப் ரெக்கார்டரையே வெச்சாங்க, மறைக்கவும் இல்ல. ஜெர்மனியோட க்ராஃப்ட்வெர்க் பேண்ட் 1981ல தங்களோட ஸ்டூடியோவையே கழட்டி எடுத்துக்கிட்டு உலகம் சுத்தினாங்க, நம்ம பம்பாய்லயும் வாசிச்சாங்க. அந்தப் பயணத்துல ஒரு பாட்டுக்கு மட்டும் நாலு பேரும் கைக்கடக்கமான சின்னக் கருவிகளோட மேடை விளிம்புக்கு வந்து, முன்வரிசை ஆளுங்களையே பட்டனை அமுக்க விடுவாங்க. பட்டனை அமுக்கினா சத்தம் வருது, அமுக்கினது நான்தான்னு பார்க்கிறவனுக்குத் தெரியுது. அந்தத் தொடர்பு கண்ணுக்குத் தெரியணும்.

ஆர்பிட்டல்னு இங்கிலாந்துல ரெண்டு அண்ணன் தம்பி. 1994ல கிளாஸ்டன்பரி விழாவுல அவங்க வாசிச்சதை இன்னிக்கும் பேசுறாங்க. பாட்டு மொத்தமும் சின்ன சீக்வென்சர் பெட்டிகள்ல (சுரங்களைப் பதிஞ்சு வெச்சுத் திரும்ப வாசிக்கிற பெட்டி) துண்டு துண்டா இருக்கும். எந்தத் தடத்தைத் திறக்கிறது, எதை மூடுறதுன்னு கூட்டத்தைப் பார்த்து அங்கயே முடிவு பண்ணுவாங்க. இருட்டுல பட்டன் தெரியணும்னு கண்ணாடிச் சட்டத்துல டார்ச் மாட்டிக்கிட்டாங்க, அதுவே அவங்க அடையாளமா ஆயிடுச்சு.

ஃபேடர்ல என்ன வழுக்கும்னா, நேரம் வழுக்கும். பேஸ் தடத்தை ஒரு தாளச் சுத்து முன்னாடி திறந்துட்டா பாட்டோட முதுகெலும்பு போச்சு. ரெண்டாவது வருஷம் அப்படி எத்தனை தடவை போச்சுன்னு என் காதுக்குத் தெரியும். பசங்க அதுக்குப் பயப்படாம இருக்கக் கத்துக்கிட்டதும் அப்பத்தான்.

#4 · ஏரிக்கரை (கொடைக்கானல்)

நான் இவங்களைப் பார்த்தது கொடையில, ஒரு தோட்டத்துப் புல்வெளியில. நூறு பேர் இருந்திருப்போம். பாதியில கரண்ட் போச்சு. ஜெனரேட்டர் எடுக்கப் பத்து செகண்ட். ஆனா அந்தப் பத்து செகண்டுக்கு அப்புறமும் டிரம் மட்டும் ஓடுச்சு, மேல எதுவும் இல்ல, ரொம்ப நேரம். அந்த அண்ணன் கீழ இறங்கி வந்து கை தட்ட ஆரம்பிச்சார், நாங்களும் தட்டினோம். அது திட்டமிட்டு செஞ்சதா?

#5 · ஃபேடர்கை (குன்னூர்)

அதுக்கு முந்தின வருஷம் பட்ட அடியிலிருந்து வந்த ஏற்பாடு அது. ஊட்டிப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பு நிகழ்ச்சி. கரண்ட் போய் வந்துச்சு. என்னோடது பழைய அனலாக் மிக்சர், கரண்ட் வந்த உடனே உயிர் வந்துடும். லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கு, அதுக்கும் ஒண்ணும் ஆகல. நடுவுல இருக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸ் (லேப்டாப் ஒலியை மிக்சருக்குக் கொண்டு போற பெட்டி) அணைஞ்சு மறுபடி ஆன் ஆனதுல, லேப்டாப் அதை அடையாளம் கண்டுக்கல. நிறுத்தி, கேபிளைப் பிடுங்கி, மறுபடி திறந்து, எல்லாம் ஏற நாலு நிமிஷம். கல்யாண வீட்டுல நாலு நிமிஷ மௌனம் எவ்வளவு நீளம்னு அன்னிக்குத் தெரிஞ்சுது. பொண்ணு வீட்டுப் பெரியவர் ஒருத்தர் மேடைக்கு வந்து, "கண்ணு, முடிஞ்சுதா?"ன்னு பிரியமாத்தான் கேட்டார். தங்கச்சிக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

அதுக்கு அப்புறம் ரெண்டு விஷயம் செஞ்சோம். இன்டர்ஃபேஸுக்குச் சின்னதா ஒரு யுபிஎஸ். பேட்டரியில ஓடுற ஒரு டிரம் மெஷின். மேடையில அது எப்பவும் கூடவே ஓடிக்கிட்டு இருக்கும், ஒன்பதாவது சேனல்ல, ஃபேடர் கீழ இறங்கி. எது செத்தாலும் நான் ஒன்பதாவதைத் தூக்குவேன். கொடையில யுபிஎஸ் சார்ஜ் இறங்கிப் போயிருந்துச்சு, அது நாங்க பார்த்திருக்க வேண்டியது. ஆனா ஒன்பதாவது சேனல் இருந்துச்சு. கீழ இறங்கிக் கை தட்டணும்னு அண்ணன்கிட்ட யாரும் சொல்லல. அது அவனாச் செஞ்சது. முதல் வருஷத்துப் பையனா இருந்திருந்தா ஸ்கிரீனைப் பார்த்துக்கிட்டே நின்னிருப்பான்.

அதே வரவேற்புல இன்னொரு தொல்லை, ஸ்பீக்கர்ல விடாத உறுமல். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினா நிக்கும், சொருகினா வரும். மேடையில லேப்டாப்புக்கு ஒரு பிளக், மிக்சருக்குத் தூரத்துல வேற பிளக், ரெண்டு எர்த்துக்கும் நடுவுல ஒரு சுத்து உண்டாகி அதுல வர்ற உறுமல் அது. இப்ப எல்லாத்துக்கும் ஒரே இடத்துல இருந்து கரண்ட் இழுக்கிறோம், லேப்டாப் லைன் டிஐ பாக்ஸ் (அந்தச் சுத்தை அறுக்கிற சின்னப் பெட்டி) வழியா வருது. ஒரு வேண்டுகோள்: உறுமல் நிக்கட்டும்னு பிளக்கோட எர்த் பின்னை உடைக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். தயவு செஞ்சு யாரும் செய்யாதீங்க. பனியில நனைஞ்ச புல், 230 வோல்ட், கையில இரும்பு மைக். உயிர் போற வேலை.

#6 · சீவாளி (மேட்டுப்பாளையம்)

நான் நாகஸ்வரம் வாசிக்கிறவன்ங்க. அந்தப் பசங்களோட ஒரே ஒரு ராத்திரி வாசிச்சிருக்கேன், கோத்தகிரியில, ஜனவரி மாசம், நெருப்பு மூட்டி உக்காந்த நிகழ்ச்சி. அதைச் சொல்லணும்.

மத்தியானம் ஒத்திகையில சுருதி கச்சிதமா சேர்ந்துச்சு. ராத்திரி எட்டு மணிக்கு மேடையில ஊதினா, எனக்கும் அந்தப் பொண்ணு மெஷினுக்கும் நடுவுல சந்து விழுந்துடுச்சு. நான் கீழ, மெஷின் மேல. குளிர்ல குழல் இறங்கும்ங்கிறது எங்களுக்குத் தெரிஞ்ச சமாச்சாரம், அதனாலதான் சால்வைக்குள்ள வெச்சுக் காப்பாத்திக்கிட்டு இருந்தேன். அப்படியும் இறங்கிடுச்சு. உதட்டை அழுத்தி ஏத்தலாம், ஆனா ராகம் பூரா அப்படி ஊதினா நாதம் போயிடும்.

நான் அந்தப் பொண்ணைப் பார்த்தேன். அது என்கிட்ட ஒண்ணுமே கேக்கல. ஒரு காதைப் பொத்திக்கிட்டு, நான் ஆதார சட்ஜத்தைப் பிடிச்சு நிக்கிற வரைக்கும் காத்திருந்து, ஒரு குமிழை மெல்லத் திருப்பிக்கிட்டே வந்துச்சு. 440 ஹெர்ட்ஸ்ல இருந்த சுருதியை 433 வரைக்கும் இறக்கினேன்னு அப்புறம் சொன்னுச்சு. சந்து மூடுச்சு. கச்சேரியில பக்கவாத்தியக்காரங்க எனக்காகக் காது கொடுத்திருக்காங்க. ஒரு மெஷின் எனக்காக இறங்கி வந்தது அன்னிக்குத்தான் முதல் தடவைங்க.

இன்னொண்ணும் சொல்லிக் கொடுத்தேன். "அம்மா, நீ வாசிக்கிறதுல மூச்சு விடற இடமே இல்லையே"ன்னேன். குழல்காரன் மூச்சு எடுத்தாகணும். அந்த இடைவெளியிலதான் கேக்கிறவனும் மூச்சு எடுக்கிறான். அது யோசனை பண்ணிக்கிட்டுப் போச்சு.

#7 · வெப்பமானி (ஊட்டி)

பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன். சீவாளி ஐயா சொன்னதற்குக் கணக்கும் துணை நிற்கிறது. காற்றில் ஒலியின் வேகம் 25 டிகிரியில் நொடிக்கு 346 மீட்டர், 5 டிகிரியில் 334 மீட்டர். குழல் வாத்தியத்தின் சுருதி அந்த வேகத்தைப் பிடித்துத்தான் நடக்கும். ஒரு டிகிரி இறங்கினால் ஏறக்குறைய 3 சென்ட் (சுருதி வித்தியாசத்தை அளக்கும் அலகு) இறங்கும். அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே 100 சென்ட். மத்தியானம் 20, ராத்திரி 8 என்றால் 36 சென்ட் போக வேண்டும். ஊதுகிறவரின் மூச்சு குழலைச் சூடாக்குவதால் நிஜத்தில் அதைவிடக் குறையும். 440 இலிருந்து 433 என்பது 28 சென்ட். அந்தப் பெண்ணின் காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

மலை உயரத்தால் சுருதி மாறுகிறது என்று மேடைக்காரர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். உயரத்துக்கும் ஒலியின் வேகத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை, வெப்பநிலைதான் காரணம். உயரம் வேறு இடத்தில் கை வைக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. டீசல் ஜெனரேட்டர் அதன் முழு சக்தியைத் தராது. கோவையில் போதுமான ஜெனரேட்டர் இங்கே திணறுவது அதனால்தான்.

#8 · நீலச்சின்த் (கோத்தகிரி)

ஃபேடர்கை அண்ணா இந்த இழையைப் பத்தி நேத்துதான் சொன்னார். சின்த் வாசிக்கிறது நான்தான். சீவாளி ஐயாவுக்கு வணக்கம். நீங்க சொன்ன மூச்சு, இப்ப எங்க எல்லாப் பாட்டுலயும் இருக்கு. எட்டு சுத்துக்கு ஒரு தடவை நான் கையை எடுத்துடுவேன். நிஜமாவே மூச்சு இழுத்து விட்டுட்டுத்தான் மறுபடி கையை வெப்பேன்.

அன்னிக்கு இறக்கினது டிஜிட்டல் சின்த், அதனால சுலபமா முடிஞ்சுது. என்கிட்ட ஒரு பழைய அனலாக் சின்த்தும் இருக்கு. அது குளிருக்குத் தன் இஷ்டத்துக்கு நகரும், ஒரு ஆசிலேட்டர் (சுரத்தை உண்டாக்குற சர்க்யூட்) மேல போகும், இன்னொண்ணு கீழ போகும். இப்பல்லாம் நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே மேடையில வெச்சு ஆன் பண்ணி, மேல ஒரு கம்பளியைப் போத்தி விட்டுடுவோம். வாசிக்கப் போறப்பதான் கம்பளியை எடுப்பேன், டியூன் பண்ணுவேன், ரெண்டு பாட்டுக்கு ஒரு தடவை மறுபடி சரி பார்ப்பேன்.

எனக்கு மேடை புரிஞ்ச நாள்னு ஒண்ணு உண்டு. ஒரு டீத் தோட்டத்துச் சரிவுல நிகழ்ச்சி. எதிர்ல பள்ளத்தாக்கு, அதுக்கு அப்பால எதிர்ச் சரிவு. சவுண்ட் செக்ல அண்ணன் ஒரு கிக் (டிரம்மோட கனத்த தட்டு) அடிச்சான். கொஞ்சம் கழிச்சு எதிர் மலையிலிருந்து அதே கிக் தெளிவா திரும்பி வந்துச்சு. எங்க பாட்டு நிமிஷத்துக்கு 110 தட்டுங்கிற டெம்போல இருந்துச்சு, எதிரொலி ரெண்டு தட்டுக்கு நடுவுல எங்கயோ விழுந்து எல்லாத்தையும் கலக்குச்சு. நண்பன் சத்தத்தைக் குறைக்கலாம்னான். நான் போன்ல ரெக்கார்டரைப் போட்டுட்டு ஒரு தடவை கை தட்டினேன். தட்டினதுக்கும் திரும்பி வந்ததுக்கும் நடுவுல 1.15 செகண்ட். அந்த நேரத்துல சரியா ரெண்டு தட்டு விழணும்னா டெம்போ 104. மொத்த நிகழ்ச்சியையும் 104க்கு இறக்கினோம். எதிர்ச் சரிவு எங்களோட தாளம் போட ஆரம்பிச்சுது. உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. வீட்டுல செஞ்சு எடுத்துட்டு வர்ற பாட்டு வேற, அந்த இடத்துல உண்டாகிற பாட்டு வேறன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

#9 · வெப்பமானி (ஊட்டி)

படிக்கவே ஆனந்தமாக இருக்கிறது. ஆனால் ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். அந்த 1.15 செகண்ட் மேடையில் நின்ற உங்களுக்குத்தான். 10 டிகிரி என்று வைத்துக்கொண்டால் வேகம் 337, எதிர்ச் சரிவு சுமார் 194 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. உங்கள் முன்னால் 20 மீட்டரில் உட்கார்ந்தவருக்கு நேர் ஒலி 0.06 செகண்ட் தாமதமாகப் போகும், எதிரொலி 0.06 செகண்ட் சீக்கிரம் வரும். அவர் காதில் இடைவெளி 1.03 தான். 104 டெம்போவில் அது கிட்டத்தட்ட கால் தட்டு முந்தி விழும். உங்களுக்குச் சேர்ந்தது அவருக்குச் சேர்ந்திருக்காது.

#10 · நீலச்சின்த் (கோத்தகிரி)

சார், நீங்க சொல்றது சரி. அன்னிக்கு நாங்க மேடையை விட்டு இறங்கிப் போய்க் கேக்கல. அது தப்புதான். ஃபேடர்கை அண்ணா பின்னாடி மிக்சர்ல இருந்து "என்னமோ இடறுது"ன்னு சைகை காட்டிக்கிட்டே இருந்தார், எனக்கு அது அப்பப் புரியல. இப்பத்தான் காரணம் தெரியுது.

அடுத்த வருஷம் அதே இடத்துல ஸ்பீக்கரைப் பள்ளத்தாக்கைப் பார்த்து வெக்கல. மேடையைச் சரிவோட அடியில போட்டு, சத்தம் மேட்டைப் பார்த்துப் போற மாதிரி திருப்பினோம். ஆளுங்க மேட்டுல உக்காந்தாங்க. எதிரொலி நின்னுடுச்சு. கேக்கிறவங்களுக்கு அதுதான் நல்லது. அந்த 104 மட்டும் எனக்கு மறக்காது.

#11 · நாலாம்சேனல் (கோவை)

ஒத்துக்கறேன். இது வாசிப்புதான். நான் கேட்டதுக்குப் பதில் கிடைச்சுடுச்சு.

ஒரு யோசனை. 1982லயே பம்பாய் இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் டிஆர்-808, டிபி-303, ஜுபிடர்-8னு மூணு மெஷினை வெச்சு ராகங்களைப் பதிவு பண்ணினார். அப்ப யாரும் பெருசாக் கண்டுக்கல, முப்பது வருஷம் கழிச்சு உலகம் பூரா தேடித் தேடிக் கேட்டாங்க. நம்ம இசையை மெஷின்ல கொண்டு வர்றதுக்கு அவ்வளவு மதிப்பு இருக்கு. உங்க மலையிலயே கோத்தர் பழங்குடியோட இசை இருக்கே. கோல்ங்கிற குழல், கொம்பு, தபட்டை எல்லாம். அதைப் பதிவு பண்ணித் துண்டு போட்டு பேட்ல வெச்சா உங்க பேண்டுக்குன்னு ஒரு தனி ஒலி வந்துடுமே?

#12 · ஹட்டிக்காரன் (கோத்தகிரி)

நான் படுகன். இதுக்கு நான் பதில் சொல்றது பொருத்தமா இருக்கும்னு நினைக்கிறேன். ஒரு காலத்துல எங்க வீட்டு இழவுக்கும் கோத்தர்கள்தான் வந்து வாசிச்சாங்க, எங்க பெரியவங்க சொல்லிக் கேட்டிருக்கேன். 1930களுக்கு அப்புறம் அந்த வழக்கம் தேய்ஞ்சு நின்னுபோச்சு. அவங்க இசையில சாமிக்கு வாசிக்கிறது தனி, ஆட்டத்துக்கு வாசிக்கிறது தனி, இழவுக்கு வாசிக்கிறது தனி. இழவு மெட்டைக் கண்ட இடத்துல வாசிக்க மாட்டாங்க. அவங்க சாமி கம்பட்ராயர் திருவிழாவுல கேக்கிறது அந்தச் சாமிக்கு உரியது. வெளியாள் போன்ல பிடிச்சு வந்து பேட்ல வெச்சா, எதை எங்க தட்டுறோம்னே தெரியாமத் தட்டிக்கிட்டு இருப்பான். எங்க ஹெத்தையம்மன் பண்டிகைப் பாட்டை அப்படிச் செஞ்சா எனக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பார்க்கறேன்.

#13 · நீலச்சின்த் (கோத்தகிரி)

நாங்களும் அதையே முடிவு பண்ணினோம். கோத்தர் வாத்தியக்காரர் ஒருத்தர் தானா வந்து "உங்களோட ஆட்ட மெட்டு வாசிக்கறேன்"னு சொன்னா, அவர் நடுவுல நிக்கட்டும், நாங்க சுத்தி நிப்போம். அவர் இல்லாம அவர் சத்தம் மட்டும் எங்களுக்கு வேண்டாம்.

ஹட்டிக்காரன் அண்ணா, உங்க சொந்தத்துல அந்தக் கல்யாணத்தை நீங்களே சொல்லுங்களேன். நாங்க மாறினதே அங்கதான்.

#14 · ஹட்டிக்காரன் (கோத்தகிரி)

சொல்றேன். என் சித்தப்பா பொண்ணு கல்யாணம், எங்க ஹட்டியில (படுகர் கிராமம்). எங்க வீட்டுக் கல்யாணம்னா ஆட்டம் இல்லாம இருக்காது. வட்டமா நிப்போம், சின்னப் பசங்க, தாத்தா, பாட்டி, வெளியூர்ல இருந்து வந்த மருமகன், எல்லாரும் அதே வட்டத்துல. காலை எடுத்து வெச்சு, திரும்பி, கை தட்டி, மறுபடி. வழக்கமா கீபோர்டும் டிரம்மும் வெச்சிருக்கிற ஆளுங்க வருவாங்க, இல்லன்னா பதிவு பண்ணின படுகப் பாட்டு போடுவாங்க. இந்தத் தடவை பொண்ணோட தோழிங்கிற முறையில இவங்க வந்தாங்க.

நல்லாத்தான் ஆரம்பிச்சாங்க. ஆனா வேகம் 120ன்னு கட்டி வெச்சிருந்தாங்க. வாலிபப் பசங்க சமாளிச்சாங்க. பெரியவங்க கால் ஒவ்வொரு சுத்துலயும் கொஞ்சம் கொஞ்சமாப் பின்தங்கிச்சு. வட்டத்துல ஒரு பக்கம் இழுபட்டு முட்டை மாதிரி ஆயிடுச்சு. எங்க தாத்தா வட்டத்தை விட்டு வந்து மேடைக்குக் கிட்ட நின்னார். வெள்ளைத் துண்டைத் தோள்ல சரி பண்ணிக்கிட்டு, எங்க படுகு மொழியில சொன்னார். தமிழ்ல சொன்னா இப்படி வரும்: "பாட்டு நல்லா இருக்கும்மா. ஆனா நீங்க எங்க காலைப் பாக்கவே இல்லையே."

அதுக்கு அப்புறம் டிரம் பேட் வாசிக்கிற அந்தப் பையன் செஞ்சதை நான் கண்ணால பார்த்தேன். லேப்டாப் ஸ்கிரீனை மடக்கினான். பேடை அப்படியே தூக்கி மேடை ஓரத்துக்குக் கொண்டு வந்து தாத்தாவோட காலைப் பார்த்துக்கிட்டே தட்ட ஆரம்பிச்சான். வெறும் டிரம். அந்தப் பொண்ணு பேஸ் மட்டும் ஒரே சுரத்துல. வட்டம் சரியாச்சு. மெதுவா, மெதுவா, அப்புறம் வட்டமே தானா வேகம் கூட்டிச்சு, அவனும் கூட்டினான். இருபத்தஞ்சு நிமிஷம் ஒரே பாட்டு. மறுபடி வட்டத்துக்குள்ள போன தாத்தா கடைசி வரைக்கும் வெளிய வரல.

#15 · ஃபேடர்கை (குன்னூர்)

மிக்சர்ல உக்காந்து நான் அழுதுட்டேன். எழுதறதுக்கு எனக்கு வெக்கம் இல்ல.

மறுநாளே அதுக்கான வேலை ஆரம்பிச்சுது. டெம்போ இனிமே லேப்டாப் கையில இல்ல, அண்ணன் கையில. அவன் பேடுக்குப் பக்கத்துல ஒரு குமிழ், அதைத் திருப்பினா மிடி கடிகாரம் (எல்லா மெஷினையும் ஒரே வேகத்துல ஓட வெக்கிற சிக்னல்) மாறும். ஒரு தட்டுக்கு 24 துடிப்புன்னு அது எல்லா மெஷினுக்கும் போகும், சின்த்தோட ஆர்பெஜியோவும் (தானா வரிசையா ஓடுற சுரங்கள்) டிரம் மெஷினும் கூடவே ஏறி இறங்கும். அதுல ஒரு சிக்கல் வந்துச்சு. நண்பனோட பின்குரல் எல்லாம் பதிவு பண்ணி வெச்சது. டெம்போ அஞ்சாறு மாறினா தாங்கும், 90க்கும் 118க்கும் இழுத்தா குரல் ரப்பர் மாதிரி ஆயிடும். அதனால பதிவுக் குரல் எல்லாத்தையும் எடுத்துட்டு அவன் நேரடியாப் பாட வேண்டியதாச்சு. அவனுக்கு அதுல ரொம்பப் பயம். முதல் ரெண்டு நிகழ்ச்சியில சுருதி ஆடுச்சு. நாலாவதுல அவன் குரலை நம்பி நான் ரிவெர்பையே (குரலுக்குப் போடுற எதிரொலி எஃபெக்ட்) பாதியாக் குறைச்சேன்.

மானிட்டர் தாமதத்தைப் பத்தியும் அவன் பயந்தான். லேப்டாப் வழியாப் போய் வர்ற குரல் பிந்துதுன்னு. பஃபரை (லேப்டாப் ஒலியை ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்புற அளவு) 256 சாம்பிள்ல வெச்சா ஒரு வழிக்கு 5.8 மில்லிசெகண்ட், போக வர 12 பக்கம். மேடை மானிட்டர் நாலு மீட்டர் தள்ளி இருந்தாலே காத்துல வர அவ்வளவு நேரம் ஆகும்னு சொல்லி, மானிட்டரை அவன் காலடிக்குக் கொண்டு வந்து வெச்சேன். பயம் போச்சு.

#16 · ஏரிக்கரை (கொடைக்கானல்)

டிசம்பர்ல மறுபடி கொடைக்கு வர்றீங்களாமே. ரெண்டு தகவல். இ-பாஸ் எடுத்துடுங்க. 2024 மே 7ல இருந்து ஊட்டி மாதிரியே கொடைக்கும் வெளிவண்டிக்கு அது கேக்கறாங்க, உங்க நீலகிரிப் பதிவு டிஎன்-43 வண்டியும் இங்க வெளிவண்டிதான். ராத்திரி 10 மணிக்கு ஸ்பீக்கர் நிக்கணும், அதனால ஆறரைக்கே ஆரம்பிக்கிற மாதிரி வெச்சுக்குங்க. போன தடவை கடைசிப் பாட்டை வெட்ட வேண்டியதாச்சு, எனக்கு இன்னும் மனசு ஆறல.

#17 · நீலச்சின்த் (கோத்தகிரி)

கட்டாயம் அண்ணா. இந்தத் தடவை கடைசிப் பாட்டுக்கு நேரத்தை எடுத்து வெச்சுட்டுத்தான் மத்ததைப் போடுவோம். ஒரு உதவி வேணும். முந்தின நாள் ராத்திரியே சாமான் வந்து சேர்ந்துடும். காய்ஞ்ச இடமா ஒரு அறை கிடைக்குமா? போன தடவை ராத்திரி பூரா வண்டியில கிடந்த சின்த்தைக் காலையில நேரா அடுப்பு எரியிற அறைக்குள்ள கொண்டு போய்த் திறந்துட்டேன். கீக்கு நடுவுல தண்ணி முத்து முத்தாக் கோத்துக்கிச்சு.

#18 · ஏரிக்கரை (கொடைக்கானல்)

எங்க வீட்டுலயே வெச்சுக்கோ தங்கச்சி. மாடியில மர அறை, சாரல் அடிக்காது. பையோட கொண்டு வந்து வை. உள்ள வந்ததும் திறக்காதே, ஒரு மணி நேரம் பையோடவே இருக்கட்டும், அறைச் சூடு ஏறினதும் எடுத்துக்கலாம். எங்க அம்மா கம்பளி ரெண்டு எடுத்து வெச்சிருக்காங்க, அந்தப் பழைய சின்த்துக்கு.